உலை வாசலில் தொடங்கும் எட்டு மணி நேரம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகளில் அன்றாட வேலை பழைய இரும்பைக் கொட்டுவதில் தொடங்குகிறது. உடைந்த வண்டிப் பாகங்கள், தகர டப்பாக்கள், கட்டடம் இடித்தெடுத்த கம்பிகள் எனக் கிரேன் காந்தம் அள்ளி வருவதெல்லாம், தொழிலாளர்கள் ‘பர்னஸ்’ என்று சொல்லும் மின்தூண்டல் உலையின் வாய்க்குள் போகிறது. உள்ளே 1,500 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும் இரும்புக் குழம்பு. வந்து விழும் ஸ்கிராப்பில் இருபுறமும் அடைபட்ட ஒரு குழாய் கிடந்து, அதற்குள் ஒரு குவளை மழைத்தண்ணீர் தேங்கியிருந்தால் போதும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. விரிவதற்குக் குழாய்க்குள் இடம் ஏது? அது வெடித்து, உருகிய இரும்பை மேலே தூக்கி எறிகிறது. உலை மேடையில் நிற்பவருக்கு விலகிக்கொள்ள ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை.

மறுநாள் நாளிதழில் நான்கு வரிச் செய்தி வரும். உலை வெடித்தது, வடமாநிலத் தொழிலாளர்கள் காயமடைந்தனர், சென்னை மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டனர். அத்தோடு செய்தி முடிந்துவிடும். காயம்பட்டவருக்கோ எல்லாமே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர் உயிர் பிழைப்பாரா என்பதை முதல் எட்டு மணி நேரம் பெருமளவு தீர்மானிக்கிறது. பிழைத்தவர் மறுபடி கையை நீட்டி ஒரு தம்ளரைப் பிடிப்பாரா என்பதை அடுத்த இரண்டு ஆண்டுகள் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டு கால அளவுகளிலும் என்ன செய்ய வேண்டும் என்பதை மருத்துவ ஆராய்ச்சி எப்போதோ தெளிவாகச் சொல்லிவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பேட்டைகளில் அந்த இரண்டுமே கைநழுவிப் போய்க்கொண்டிருக்கின்றன.

தீயோடு வேலை செய்யும் மாவட்டம்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டியில் உருக்காலைகள், ரோலிங் மில்கள், வார்ப்பு ஆலைகள், ரசாயனக் கூடங்கள். மேற்கே தேர்வாய் கண்டிகை. திருவள்ளூர் நகரை ஒட்டிக் காக்களூர் தொழிற்பேட்டை. கடலோரத்தில் அத்திப்பட்டு அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம். தமிழ்நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இவ்வளவு வகையான வெப்பமும் அமிலமும் உயர் அழுத்த மின்சாரமும் இவ்வளவு நெருக்கமாகக் குடியிருப்புகளோடு கலந்து கிடப்பது அரிது.

2024 மே மாத இறுதியில் காக்களூரில் பெயிண்ட் தயாரிக்கும் ஆலையில் பற்றிய தீ, வேலைக்கு வந்தவர்களின் உயிரைப் பறித்தது. 2025 ஜூலை 13 அன்று திருவள்ளூர் ரயில் நிலையம் அருகே டீசல் ஏற்றி வந்த சரக்கு ரயில் தடம்புரண்டு எரிந்தது. உயிர்ச்சேதம் நேரவில்லை என்றாலும், பெரிய எரிபொருள் தீ ஒன்று குடியிருப்புகளுக்கு எவ்வளவு பக்கத்தில் நிகழலாம் என்பதை மாவட்டமே அன்று பார்த்தது. இவை வெளியே தெரிந்தவை. கைப்பிடி அளவு தெறித்த இரும்பு, காலணிக்குள் இறங்கிய கசடு, கம்பியை அமிலத்தில் கழுவும் தொட்டியிலிருந்து சிதறிய துளி, ஸ்விட்ச் பலகையில் பாய்ந்த மின்பொறி போன்றவை செய்தியாவதே இல்லை.

ஆலை வாசலைத் தாண்டினாலும் ஆபத்து தீர்வதில்லை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் என்று பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஓர் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்குகிறார்கள். சிறிய எரிவாயு உருளையை அதே அறையில் வைத்துச் சமைக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து களைத்து வந்தவர் அடுப்பை மூட்டும் அந்த அறையும் தீக்காயப் பிரிவுக்கு ஆள் அனுப்பும் இடம்தான்.

உலக அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,80,000 பேர் தீக்காயத்தால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்தியாவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடுத்தர அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள் என்பதும் அதே நிறுவனத்தின் கணக்கு. மத்திய அரசின் தீக்காயத் தடுப்புத் திட்ட ஆவணங்கள் ஆண்டுக்கு 1.4 லட்சம் மரணங்களையும், 2.4 லட்சம் பேர் ஊனமடைவதையும் குறிப்பிடுகின்றன. இறப்பவரைவிட ஊனத்தோடு வாழ்பவர் அதிகம் என்பதே இந்த எண்களில் நாம் முதலில் கவனிக்க வேண்டியது.

முதல் இருபது நிமிடம்

தீக்காயத்தில் தோல் முழுவதும் ஒரே நேரத்தில் சாவதில்லை. பிரிட்டனின் பர்மிங்காமில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டக்ளஸ் ஜாக்சன் 1953-இல் இதை விளக்கினார். நடுவில் வெந்து இறந்துவிட்ட பகுதி. வெளி விளிம்பில் சிவந்து, தானே ஆறிவிடும் பகுதி. இரண்டுக்கும் இடையே ரத்த ஓட்டம் தடுமாறி, உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்கும் ஒரு பட்டை. முதல் ஒன்றிரண்டு நாட்களில் அந்த நடுப்பட்டையைக் காப்பாற்றினால் காயத்தின் ஆழம் அதோடு நிற்கும். காப்பாற்றத் தவறினால் மேலோட்டமான காயம் ஆழமான காயமாக மாறிவிடும்.

அந்தப் பட்டைக்கான முதல் மருந்து தண்ணீர். குழாயிலிருந்து ஓடும் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் விட வேண்டும். காயம்பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பலன் உண்டு என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. ஐஸ் கட்டி கூடாது. அது ரத்த நாளங்களைச் சுருக்கிக் காயத்தை ஆழமாக்கும். உடலின் பெரும்பகுதி வெந்திருந்தால் காயத்தை நனைத்தபடியே மற்ற பகுதியைப் போர்த்தி வைக்க வேண்டும். மின்சாரம் தாக்கியிருந்தால் இணைப்பைத் துண்டித்த பிறகே ஆளைத் தொட வேண்டும். அமிலம் பட்டிருந்தால் உடையைக் களைந்து, இன்னும் நெடுநேரம் கழுவ வேண்டும்.

நம் ஊரில் நடப்பது என்ன? பேனா மை, பற்பசை, இட்லி மாவு, மஞ்சள், காப்பித்தூள், முட்டை வெள்ளைக்கரு என்று கைக்கு எட்டியதைப் பூசிவிடுகிறோம். மருத்துவமனையில் இதையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தின் ஆழமே தெரியும். சுரண்டும்போது மிச்சமிருந்த நல்ல தோலும் சேர்ந்து வரும். வீட்டில் நடப்பதை அறியாமை என்று விடலாம். ஆலையில் அப்படி விட முடியாது. உலை மேடையிலிருந்து பத்து எட்டுக்குள் திறந்தவுடன் கொட்டும் ஒரு ஷவர் குழாய் வைப்பதற்கு ஆகும் செலவு, அந்த ஆலையின் ஒரு நாள் மின்கட்டணத்துக்கு முன் ஒன்றுமே இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆம்புலன்ஸ் அறையும் வேண்டும் என்றது. ஐந்நூறுக்குக் கீழே நிற்கும் சிறு உருக்காலைகள்தான் ஆபத்து மிகுந்தவை. அங்கே பெட்டி இருக்கும். அதில் பஞ்சும் டிங்சரும் இருக்கும். பெட்டியைத் திறந்து முறையாகக் கையாளத் தெரிந்தவர் அந்த ஷிப்டில் இருப்பாரா என்பதற்கு உறுதியில்லை.

கடிகாரம் ஆலையில் ஓடத் தொடங்குகிறது

உடலின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்தால், காயம் தோலோடு நிற்பதில்லை. உடல் முழுவதும் ரத்த நாளங்கள் கசியத் தொடங்கும். ரத்தத்தில் இருக்க வேண்டிய நீரும் உப்பும் புரதமும் திசுக்களுக்குள் வடியும். சில மணி நேரத்தில் முகம் வீங்கி அடையாளம் தெரியாமல் போகும், ரத்த அழுத்தம் சரியும், சிறுநீர் நிற்கும். இந்த அதிர்ச்சி நிலையில்தான் முன்பெல்லாம் பெரும்பாலானோர் இறந்தார்கள்.

1960-களில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் பார்க்லேண்ட் மருத்துவமனையின் சார்லஸ் பாக்ஸ்டர் இதற்கு ஒரு கணக்கு தந்தார். நோயாளியின் எடை கிலோவில், வெந்த பரப்பு சதவீதத்தில். இரண்டையும் பெருக்கி நான்கால் பெருக்கினால் முதல் 24 மணி நேரத்துக்குத் தேவையான உப்புநீரின் மில்லிலிட்டர் அளவு வரும். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும். 60 கிலோ எடையுள்ள தொழிலாளிக்கு 30 சதவீதம் வெந்திருந்தால் 7,200 மில்லிலிட்டர். பாதியான 3,600 மில்லிலிட்டர் எட்டு மணி நேரத்துக்குள். இன்று பலர் இதைவிடக் குறைவாகத் தொடங்கி, மணிக்கு மணி வெளியேறும் சிறுநீரை அளந்து, அதற்கேற்பக் கூட்டிக் குறைக்கிறார்கள். அதிகமாக ஏற்றினால் நுரையீரல் நிரம்பும், கை கால் வீங்கி ரத்த ஓட்டம் தடைபடும். குறைவாக ஏற்றினால் சிறுநீரகம் செயலிழக்கும்.

இந்தக் கணக்கில் நம் மாவட்டத்துக்கு உயிரான விஷயம் ஒன்று உண்டு. எட்டு மணி நேரம் என்பது காயம்பட்ட கணத்திலிருந்து எண்ணப்படுவது. மருத்துவமனையில் சீட்டு போட்ட நேரத்திலிருந்து அல்ல. பெரும்பாலும் நடப்பதைப் பாருங்கள். ஆலை வேனில் அருகிலுள்ள தனியார் கிளினிக். அங்கே ஓர் ஊசி, ஒரு கட்டு, ‘சென்னைக்குக் கொண்டுபோங்க’ என்ற ஒரு வரி. பிறகு அரசு மருத்துவமனை, 108 வண்டி, கவரைப்பேட்டை, தச்சூர், காரனோடை, செங்குன்றம், மாதவரம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ போய்ச் சேரும்போது மூன்று நான்கு மணி நேரம் ஓடியிருந்தால் வியப்பில்லை. எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டிய நீரை மீதியிருக்கும் நாலு மணி நேரத்தில் ஏற்றும் நிலைக்கு மருத்துவர் தள்ளப்படுகிறார். வழியில் சரியான வேகத்தில் ஒரு டிரிப் ஓடியிருந்தால் பிழைத்திருக்கும் சிறுநீரகம், வழியிலேயே போய்விடுகிறது.

கையையோ மார்பையோ சுற்றி வளைத்து வெந்த தோல், காய்ந்த தோல்பட்டைபோல் இறுகிவிடும். உள்ளே வீக்கம் ஏற ஏற ரத்த ஓட்டம் நிற்கும், மார்பானால் மூச்சே திணறும். கருகிய தோலை நீளவாக்கில் கீறிவிட்டால் இறுக்கம் உடனே தளரும். பயிற்சி பெற்ற எந்த அறுவை மருத்துவரும் செய்யக்கூடிய வேலை இது. அதையும் 45 கிலோமீட்டர் தாண்டிப் போய்த்தான் செய்துகொள்ள வேண்டும் என்றால், அதற்குள் விரல்கள் போய்விடும். மின்சாரக் காயத்தில் நிலைமை இன்னும் மோசம். வெளியே ஒரு நாணயம் அளவு கருகல். உள்ளே தசை முழுதும் வெந்து, கரைந்த தசையின் நிறமி சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் வந்தால் ஆபத்து என்பதை ஆலைச் செவிலியரும் 108 ஊழியரும் அறிந்திருக்க வேண்டும்.

சென்னை தந்த இழை

அதிர்ச்சி நிலையைத் தாண்டியவரின் அடுத்த எதிரி, உடலில் ஒட்டிக்கொண்டிருக்கும் செத்த தோல். முன்பு அது தானே அழுகி விழும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் கிருமிகள் குடியேறின. அன்றைய யூகோஸ்லாவியாவின் மாரிபோர் நகர மருத்துவர் சோரா யான்செகோவிச், 1970-இல் வேறு வழியை உலகுக்குச் சொன்னார். சில நாட்களுக்குள்ளேயே செத்த தோலை மெல்லிய அடுக்குகளாகச் சீவி, ரத்தம் கசியும் உயிருள்ள அடுக்கு தென்பட்டதும், அதே நோயாளியின் தொடையிலிருந்து எடுத்த தோலை ஒட்டிவிடுவது. சீழ் குறைந்தது, மருத்துவமனை நாட்கள் குறைந்தன, தழும்பும் குறைந்தது. தீக்காய மருத்துவத்தின் நவீன காலம் அங்கிருந்து தொடங்குகிறது.

ஒட்டுவதற்குத் தோல் வேண்டுமே? பாதி உடல் வெந்தவரிடம் எடுக்கத் தோல் இருக்காது. இந்தத் தேடலில் சென்னைக்கு ஒரு பெருமைக்குரிய பங்கு உண்டு. நம் தோலைத் தாங்கி நிற்கும் புரதம் கொலாஜன். அது ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட மூன்று இழைகளால் ஆனது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். பக்கத்திலேயே அமைந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், மாட்டுத்தோலிலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் கொலாஜனைப் பிரித்துக் காயங்களுக்கான மெல்லிய போர்வைகளாக்கும் ஆய்வைப் பல பத்தாண்டுகளாகச் செய்து வருகிறது. மேலோட்டமான தீக்காயத்தில் இந்தப் போர்வை ஒட்டிக்கொண்டால் தினமும் கட்டுப் பிரிக்கும் வேதனை இல்லை. அமெரிக்காவில் யானஸும் பர்க்கும் 1981-இல் அறிவித்த செயற்கைத் தோலும் கொலாஜனை அடிப்படையாகக் கொண்டதே. அதன் விலை நம் பொது மருத்துவமனைகளுக்குக் கட்டுப்படியாவதில்லை.

எளிய வழிகளையும் இந்திய மருத்துவர்கள் தேடினார்கள். வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டாகப் பயன்படுத்தலாம் என்று மும்பையில் கேஸ்வானி 1980-களில் காட்டினார். அதே நகரில் மாதுரி கோரே வாழை இலையைச் சுத்திகரித்துக் காயத்தின்மேல் போர்த்திப் பார்த்து, 2003-இல் ‘பர்ன்ஸ்’ ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டார். இலை காயத்தில் ஒட்டுவதில்லை, அதனால் பிரிக்கும்போது வலி குறைவு, விலையும் அற்பம். நம் மருத்துவமனைகளில் இலைக்கட்டு இன்றும் பழக்கத்தில் இருப்பதற்குப் பின்னால் முறையான ஆய்வு இருக்கிறது. பல ஆண்டுகளாகப் பூசிவரும் வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பு, புதிய கட்டுகளோடு ஒப்பிட்டால் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. பழகிய மருந்தையும் கேள்வி கேட்பதுதான் ஆராய்ச்சி.

இறந்தவரிடமிருந்து தானமாகப் பெறும் தோலும் பெரும் துணை. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடையிலிருந்தும் முதுகிலிருந்தும் மெல்லிய அடுக்கை மட்டும் எடுப்பார்கள். ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. கிளிசரால் கரைசலில், குளிர் நிலையில் ஆண்டுக்கணக்கில் பாதுகாக்கலாம். அந்தத் தோல் நிரந்தரமாக ஒட்டாது. ஆனால் நோயாளியின் சொந்தத் தோல் தேறும்வரை சில வாரம் காயத்தை மூடி உயிரைக் காக்கும். உடலுறுப்பு தானத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் நம்முடையது. உறுப்பு தானம் செய்தவர் உடலுக்கு அரசு மரியாதை அறிவித்த மாநிலம். கண்ணைப் பற்றியும் சிறுநீரகத்தைப் பற்றியும் பேசும் அளவுக்குத் தோலைப் பற்றி நாம் பேசுவதில்லை. சென்னையிலும் கோவையிலும் தோல் வங்கிகள் இருந்தும் தானம் தேவைக்கு ஈடுகொடுப்பதில்லை.

ஆறிய பின் வரும் துன்பம்

தீக்காய வார்டில் இறப்புக்கு முதல் காரணம் தொற்று. சூடோமோனாஸ், அசினட்டோபாக்டர், கிளெப்சியெல்லா ஆகிய கிருமிகள், விலையுயர்ந்த ஆன்டிபயாடிக்குகளுக்கும் அசையாத நிலைக்கு வந்துவிட்டன. கை கழுவுவது, தனி அறை, கட்டுப் பிரிக்கும் இடத்தின் சுத்தம் ஆகிய மூன்றும் புது மருந்தைவிட அதிக உயிரைக் காக்கும்.

அடுத்தது சாப்பாடு. பெரிய தீக்காயம் உடலின் எரிபொருள் செலவைப் பல மாதங்களுக்கு உயர்த்திவிடும். உடல் தன் தசையையே தின்னத் தொடங்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 90 முதல் 120 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம் இருக்கிறது என்று கொண்டால், அளவு எவ்வளவு என்று புரியும். உள்ளூர் நோயாளிக்கு வீட்டிலிருந்து தூக்குச்சட்டி வரும். ஒடிசாவிலிருந்து வந்தவருக்கு யார் கொண்டுவருவார்? அவர் மொழி தெரிந்த ஒருவர்கூட வார்டில் இல்லாதபோது, வலிக்கிறது என்பதையே அவர் கைஜாடையில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறகு வருவது தழும்பு. மூன்று வாரத்துக்குள் ஆறாத காயத்தில் தழும்பு மேடிட்டுத் தடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. நம்முடையதைப் போன்ற கருநிறத் தோலில் அது இன்னும் அதிகம். அரிப்பு இரவெல்லாம் தூங்கவிடாது. மூட்டின்மேல் விழுந்த தழும்பு சுருங்கிச் சுருங்கி மூட்டையே மடக்கிவிடும். நோயாளிக்கு எந்த நிலையில் வலி குறைகிறதோ, அந்த நிலையில்தான் மூட்டு முடங்கும். அதனால்தான் கழுத்து வெந்தவருக்குத் தலையணை வைக்கக் கூடாது என்கிறார்கள்; தலை சற்றுப் பின்னால் சாய்ந்தே இருக்க வேண்டும். முழங்கையை நீட்டியபடி பட்டை கட்ட வேண்டும். அக்குளை விரித்து வைக்க வேண்டும். விரல்களை நேராக்கி, மணிக்கட்டைச் சற்று மேலே தூக்கிக் கட்ட வேண்டும். நோயாளி அலறும்போதும் பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொரு மூட்டையும் தினமும் மடக்கி நீட்ட வேண்டும். காயம் ஆறியபின் உடலோடு இறுகும் அழுத்த உடையை நாளுக்கு 23 மணி நேரம், தழும்பு முதிரும்வரை அணிவது வழக்கம். அதற்கு ஓராண்டும் ஆகலாம், இரண்டாண்டும் ஆகலாம். பல ஆண்டுகளாக உடைந்து உடைந்து ஆறும் பழைய தீக்காயத் தழும்பில் புற்றுநோய் வருவதும் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் மார்ஜொலின் பெயரால் அறியப்படும் அந்தப் புண், காயம்பட்டு முப்பது ஆண்டு கழித்தும் தலைகாட்டும்.

இந்த இரண்டு ஆண்டுகளில்தான் கும்மிடிப்பூண்டித் தொழிலாளி மருத்துவரின் கண்ணிலிருந்து மறைகிறார். மேல்தோல் மூடியதும் டிஸ்சார்ஜ். வேலை இல்லை, வாடகை கொடுக்க வழியில்லை. சென்ட்ரலில் ரயில் ஏறி ஊர் போய்விடுகிறார். அங்கே பிசியோதெரபியும் இல்லை, அழுத்த உடையும் இல்லை. ஆறு மாதத்தில் கை மார்போடு ஒட்டிக்கொள்கிறது. மருத்துவமனையின் பதிவேட்டில் மட்டும் அவர் ‘குணமடைந்தார்’.

உள்ளூர்க்காரர்களும் தப்பிவிடவில்லை. இதே ஆலைகளில் தினக்கூலிக்குப் போகும் சுற்றுவட்டார கிராமத்தினர், கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் இலங்கைத் தமிழர் ஆகியோருக்கும் மாதக்கணக்கில் சென்னைக்குப் பேருந்தேறி வருவது இயலாத காரியம். முகத்தில் தழும்போடு வெளியே வரத் தயங்கி, வீட்டுக்குள் முடங்குபவர்களின் மனத்துயரத்துக்கும் மருத்துவம் உண்டு. கீழ்ப்பாக்கம் தீக்காயப் பிரிவிலிருந்து வெளிவரும் பெண்களுக்காகப் பி.சி.வி.சி. என்ற தன்னார்வ அமைப்பு நடத்தும் ‘விடியல்’ மையம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொழிலாளர்களுக்கும் அப்படியோர் இடம் வேண்டும்.

யார் பொறுப்பு?

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உரிமை உண்டு. வேலையில் காயம்பட்டால் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் உதவித்தொகை, நிரந்தர ஊனமானால் ஆயுள் முழுதும் அதற்கேற்ற தொகை. கன்ட்ராக்டர் மூலம் வந்தவருக்கும் இது பொருந்தும். ஆனால் அவர் பெயர் பட்டியலில் ஏறியிருந்தால்தான் இதெல்லாம். விபத்து நடந்த பிறகு பெயரைத் தேடும் நிலை நீடிக்கும்வரை உரிமை காகிதத்தில்தான் இருக்கும். விரல் துண்டாகிப் போனால் இழப்பைக் கணக்கிட அட்டவணை இருக்கிறது. விரல் இருந்தும் மடங்காத கைக்கு மருத்துவக் குழுவின் மதிப்பீடு வேண்டும். ஊருக்குப் போய்விட்டவர் அந்தக் குழுவின் முன் எப்படி வந்து நிற்பார்?

உருக்காலை முதலாளிகள் போட்டி நிறைந்த தொழிலில் இருக்கிறார்கள், லாப விகிதம் குறைவு என்பது உண்மையே. ஸ்கிராப்பைப் பிரித்து, மூடிய பொருட்களை வெட்டித் திறந்து, காயவைத்து உலையில் போடக் கூடுதல் ஆளும் நேரமும் வேண்டும் என்பதும் உண்மை. 2004-இல் காசியாபாத் அருகே உருக்காலை ஒன்றில் இறக்குமதி ஸ்கிராப்போடு வந்த போர்க்கள வெடிபொருள் வெடித்துத் தொழிலாளர்கள் மாண்ட பிறகுதான், துறைமுகங்களில் பழைய இரும்பைச் சோதிப்பது கடுமையானது. ஒவ்வொரு பாதுகாப்பு விதியையும் உயிர் கொடுத்தே பெற வேண்டுமா? நம் வீடுகளின் தூண்களுக்குள் இருக்கும் கம்பியின் விலையில், அதை உருக்கியவரின் பாதுகாப்பும் அடங்கியிருப்பதே நியாயம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, நேரத்தைச் சுருக்குவது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் என்றது. எந்த ஊர்க்காரர் என்று கேட்காமல், அருகிலுள்ள மருத்துவமனையிலேயே சிகிச்சை தொடங்க வழிசெய்தது. ஆலையில் தீக்காயமடைந்தவருக்கும் அதே உரிமை வேண்டும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு மருத்துவமனைகளில் நீரேற்றம், இறுக்கம் தளர்த்தும் கீறல், மூச்சுக்குழாய் வைத்தல் ஆகிய மூன்றுக்கும் பயிற்சி பெற்ற குழு 24 மணி நேரமும் இருக்க வேண்டும். அங்கிருந்து புறப்படும் வண்டியில், எத்தனை மணிக்குக் காயம், எத்தனை சதவீதம், எவ்வளவு நீர் ஏறியது, எவ்வளவு சிறுநீர் என்று எழுதிய ஒரு தாளும் போக வேண்டும்.

இரண்டாவது, முழு வசதி கொண்ட தீக்காயப் பிரிவு. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இந்த மாவட்டத்தின் தொழிற்பேட்டைகளுக்கு ஏற்ற சிறப்புத்துறை எதுவென்று கேட்டால், தீக்காயமும் காயம் ஆற்றும் மருத்துவமும்தான் முதலில் நிற்கும். கீழ்ப்பாக்கத்தின் சுமையும் அதனால் குறையும்.

மூன்றாவது, பதிவேடும் ஆராய்ச்சியும். எந்த ஆலையில், எந்த ஷிப்டில், எந்த வேலையின்போது, உடலின் எந்தப் பகுதி வெந்தது, இரண்டாண்டு கழித்து அந்தக் கை எப்படியிருக்கிறது என்று தொடர்ந்து பதிவு செய்யும் மாவட்டப் பதிவேடு வேண்டும். உலக சுகாதார நிறுவனம் உலகளாவிய தீக்காயப் பதிவேட்டுக்கான படிவத்தையே உருவாக்கித் தந்திருக்கிறது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், இ.எஸ்.ஐ., மருத்துவக் கல்லூரி ஆகிய மூன்றும் ஒரே பதிவேட்டைப் பகிர்ந்தால், எந்த உலை மேடைக்கு எந்தத் தடுப்பு வேண்டும் என்பதைத் தரவே சொல்லிவிடும். மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் போர்வைகளையும் வாழை இலைக் கட்டையும் நம் தொழிலாளர்களின் காயங்களில் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வை இங்கேயே நடத்தலாம். நம் வெயிலில், நம் தோலில், நம் வார்டுகளின் கிருமிகளுக்கு நடுவே எது பலன் தருகிறது என்பதை நாம்தான் கண்டறிய வேண்டும்.

நான்காவது, சிப்காட் வளாகத்துக்குள்ளேயே ஒரு மறுவாழ்வு மையம். ஒரு பிசியோதெரபிஸ்ட், கை பட்டை செய்பவர், அழுத்த உடை தைக்கும் ஒரு தையல் மெஷின், இந்தியும் ஒடியாவும் தெரிந்த ஓர் ஆலோசகர். ஆலைகள் கூட்டாகப் பணம் போட்டாலே நடந்துவிடும். தொழிலாளி ஊர் திரும்பினால், அவருடைய இ.எஸ்.ஐ. எண்ணோடு சிகிச்சைக் குறிப்பும் அவருடைய மாநிலத்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இவற்றில் எதற்கும் இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டிய அறிவியல் தேவையில்லை. ஓடும் தண்ணீரின் பலன் தெரியும், நீரின் கணக்கு தெரியும், செத்த தோலை எப்போது அகற்ற வேண்டும் என்று தெரியும், கழுத்து வெந்தவருக்குத் தலையணை கூடாது என்பதும் தெரியும். தெரிந்த அறிவு 45 கிலோமீட்டர் தூரத்தில் நின்றுவிடுவதால்தான் உயிர்களும் கைகளும் போகின்றன. மாவட்ட ஆட்சியர், மக்கள் நல்வாழ்வுத் துறை, தொழிலாளர் நலத் துறை, இ.எஸ்.ஐ., ஆலை உரிமையாளர் சங்கங்கள், தொழிற்சங்கங்கள் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து, ஆளுக்கொரு பொறுப்பையும் தேதியையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஸ்கிராப்பில் தண்ணீர் தேங்கும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக அந்தக் கூட்டம் நடக்கட்டும்.